மரம் நட்டால் புகை மறையுமா?

கேள்வி: விமான டிக்கெட்டோடு கொஞ்சம் கூடுதல் பணம் கட்டினால், மரம் நட்டுப் புகையை ஈடுகட்டுவதாகச் சொல்கிறார்களே, நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். புகை இன்றே வானில் கலந்துவிடும்; கன்று வளர்ந்து அதை உறிஞ்சப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை வெட்டுப்படாமல், தீப்பிடிக்காமல் நிற்கவும் வேண்டும். கடன் நம்முடையது, அடைப்பது பேரனா? நெதர்லாந்தின் ஃபோசீல்ஃப்ரை என்ற மக்கள் இயக்கம் 2022-இல் இத்தகைய விளம்பரங்களுக்காகக் கேஎல்எம் விமான நிறுவனத்தைக் கோர்ட்டுக்கு இழுத்தது. 2024 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம், ஆராய்ந்த 19 விளம்பர வாசகங்களில் 15 மக்களைத் தவறாக வழிநடத்துபவை என்று தீர்ப்பளித்தது. மரம் தாராளமாக நடுவோம். அதன் நிழலில் புகையை ஒளித்துவைக்க யாரையும் விடக்கூடாது. புகையைக் குறைக்க உறுதியான வழி, பறப்பதைக் குறைப்பதுதான்.