ஊர் ரெண்டுபட்டால் சவப்பெட்டிக்காரனுக்குக் கொண்டாட்டம்

சாமுராய் என்றதும் நம் மனதில் வந்து நிற்பவன் ஒரு தியாகச் செம்மல். எஜமானுக்காக உயிரைக் கொடுப்பான், மானம் போனால் வயிற்றைக் கிழித்துக்கொள்வான், நடுவில் நேரம் கிடைத்தால் செர்ரிப் பூவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். இந்தச் சித்திரத்தை உலகச் சந்தையில் விற்றவர்களில் முக்கியமானவர் நிதோபே இனாஸோ. ‘புஷிடோ’ என்ற புத்தகத்தை 1900-ல் வெளியிட்டார். எழுதியது அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு, அதுவும் ஆங்கிலத்தில். ஜப்பானில் வாளைச் செருகிக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாது என்று 1876-லேயே சட்டம் வந்துவிட்டது. செத்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தானே.

அகிரா குரோசாவா அந்த நாலு வார்த்தையையும் சொல்ல மறுத்த படம் ‘யோஜிம்போ’ (1961). நாயகன் தோஷிரோ மிஃபூனே முதல் காட்சியில் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வருகிறார். தலையைச் சொறிகிறார். தோளை ஒரு மாதிரி வெட்டிக் குலுக்குகிறார்; உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி. ஒரு கூட்டுரோட்டில் வந்து நின்று, கீழே கிடக்கும் குச்சியை எடுத்து மேலே வீசுகிறார். அது விழுந்து எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் நடக்கிறார். குலப்பெருமை, குருவின் ஆணை, பழிக்குப் பழி என்று ஒரு கதாநாயகனுக்கு வேண்டிய எதுவும் கிடையாது. குச்சி சொன்னது, போகிறான்.

கதை நடப்பது 1860 வாக்கில். அந்த வருஷம் சாமுராய் வர்க்கத்துக்கு ராசியே இல்லாத வருஷம். 1615-ல் ஒசாகா கோட்டை விழுந்த பிறகு சொல்லிக்கொள்கிற மாதிரி பெரிய யுத்தம் எதுவும் நடக்கவில்லை. இடையில் ஷிமபாராவில் ஒரு கலகம், அவ்வளவுதான். ஆக, 200 வருஷத்துக்கும் மேலாக ஒரு முழு ஜாதியே சண்டை போடாமல் சண்டைக்காரச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது. சம்பளம் அரிசியாக வரும். அதைத் தரகனிடம் கொடுத்துக் காசாக்க வேண்டும். தரகனிடமே அடுத்த வருஷ அரிசிக்கும் சேர்த்துக் கடன் வாங்கியிருப்பார்கள். சின்ன சாமுராய்கள் வீட்டில் உட்கார்ந்து குடை செய்து விற்றார்கள். சட்டப்படி வியாபாரி கடைசிப் படியில், சாமுராய் உச்சாணிக் கொம்பில். நடைமுறையில் உச்சாணிக் கொம்பு அடமானத்தில்.

வாள்வீரம் எந்த லட்சணத்தில் இருந்தது என்பதற்கு அந்த 1860 மார்ச்சே சாட்சி. ஷோகுன் ஆட்சியின் மிகப் பெரிய அமைச்சர் ஈ நாவோசுகே பல்லக்கில் ஆட்சிபீடமான எடோ கோட்டைக்குப் போகிறார். கூட சுமார் 60 பேர் பரிவாரம். வழிமறித்தது எஜமானைத் துறந்து வந்த 18 ரோனின்கள். பரிவாரத்தால் உடனே வாளை உருவ முடியவில்லை. காரணம் பயமல்ல, பனி. வாள் நனைந்துவிடக் கூடாதே என்று கைப்பிடிக்கு உறை மாட்டி, கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்து முடிப்பதற்குள் அமைச்சரின் தலை போய்விட்டது. அதற்கு மேல் நடந்ததுதான் அரசாங்கம். வாரிசு ஏற்பாடு முடியாமல் செத்தால் ஜமீனே பறிபோகும் என்பதால், அமைச்சர் காயத்தோடு படுத்திருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தார்கள். தலையில்லாத மனிதர் ஆவணப்படி கொஞ்ச காலம் சிகிச்சையில் இருந்தார்.

இப்படிப்பட்ட மெய்க்காவலர்கள் உலவிய காலத்தில்தான் ‘மெய்க்காவலன்’ என்றே பெயர் வைத்த படம் நடக்கிறது. குரோசாவாவின் குசும்பு எனக்கு இங்கேதான் முதலில் பிடிபட்டது.

நம்ம ஆள் வந்து சேரும் ஊரில் அவனை வரவேற்பது ஒரு நாய். வாயில் மனிதக் கை. மணிக்கட்டோடு வெட்டுப்பட்ட கையைக் கவ்விக்கொண்டு, மசாரு சாத்தோவின் இசைக்கு ஏற்ப, ஏதோ ஆபீசுக்குப் போகிற மாதிரி நாய் துள்ளி ஓடுகிறது. ஊர் நிலவரம் இதற்கு மேல் விளங்க வேண்டுமானால் சோத்துக்கடை கோஞ்சி கிழவரிடம் கேட்கலாம். விபச்சார விடுதி நடத்தும் செய்பே ஒரு தாதா. அவனுடைய வலது கையாக இருந்த உஷிதோரா இன்னொரு தாதா. செய்பே தொழிலைத் தன் சோப்ளாங்கி மகனுக்கு எழுதி வைக்கப் பார்த்தான், உஷிதோரா பிரிந்து போனான். வாரிசுச் சண்டை. செய்பேவுக்குப் பின்னால் பட்டு வியாபாரி, உஷிதோராவுக்குப் பின்னால் சாகே காய்ச்சும் முதலாளி. போலீஸ்காரர் என்று ஒருவர் உண்டு. மரக்கட்டையைத் தட்டி நேரம் சொல்வார். வெளியூர் வாள்காரன் யாராவது வந்தால் எந்தத் தாதாவிடம் சேரலாம் என்று ஆலோசனை சொல்வார். கோஞ்சியின் பக்கத்துக் கடைக்காரர் சவப்பெட்டி செய்கிறவர். ஊரிலேயே ஓய்வில்லாமல் உழைப்பவர் அவர் ஒருவர்தான்.

இதில் பட்டு வியாபாரியைச் சும்மா சேர்க்கவில்லை. 1859-ல் யோகோஹாமா துறைமுகம் வெள்ளைக்காரர்களுக்குத் திறந்தது. அந்த நேரம் பார்த்து பிரான்ஸிலும் இத்தாலியிலும் பட்டுப்புழுவுக்குக் கொள்ளை நோய். ஐரோப்பியச் சீமாட்டிகளின் கவுனுக்கு ஜப்பான் பட்டு தேவைப்பட, விலை தாறுமாறாக ஏறியது. கிராமத்துப் பணம் முழுக்கப் பட்டில். பணம் இருக்கும் இடத்தில் சூதாட்டம், சூதாட்டம் இருக்கும் இடத்தில் அடியாள். நாயகனிடம் பெயர் கேட்கிறார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறான். எதிரே மல்பெரித் தோட்டம். அதையே பெயராக்கி ‘குவாபதாகே சன்ஜுரோ’ என்கிறான். மல்பெரித் தோட்டத்து முப்பது வயதுக்காரன். ஆனால் சீக்கிரம் நாற்பது ஆகிவிடும் என்றும் ஒரு திருத்தம் போடுகிறான். மிஃபூனேவுக்கு அப்போது நாற்பது ஆகியே விட்டது.

வேலைக்குச் சேர ஒரு மாதிரி காட்ட வேண்டுமே. உஷிதோராவின் அடியாட்களிடம் போய் வம்பிழுக்கிறான். அவர்கள் ஒவ்வொருவரும் தன் பச்சை குத்தலையும் குற்றப் பட்டியலையும் காட்டிப் பீற்றிக்கொள்கிறார்கள். கண் இமைப்பதற்குள் இருவர் பிணம், மூன்றாமவனுக்கு ஒரு கை இல்லை. திரும்பி நடக்கும்போது பெட்டிக்காரரிடம் ஆர்டர் கொடுக்கிறான்: இரண்டு பெட்டி. கொஞ்சம் யோசித்து, மூன்றாகவே இருக்கலாம்.

செய்பே 50 ரியோ, அதாவது 50 தங்கக் காசு, பேசுகிறான்; பாதி முன்பணம். 50 ரியோ என்றால் பெரிய தொகை. ஆனால் 1860-ல் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: பழைய ரியோவா, புது ரியோவா? ஜப்பானில் வெள்ளியைக் கொடுத்துத் தங்கம் வாங்குவது வெளிநாட்டை விட மூன்று மடங்கு மலிவு என்று கண்டுபிடித்த வெள்ளைக்காரர்கள் மூட்டை மூட்டையாகத் தங்கக் காசைக் கடத்தினார்கள். அதைத் தடுக்க ஷோகுன் அரசு அந்த வருஷம் காசையே மூன்றில் ஒரு பங்கு எடைக்கு இளைக்க வைத்தது. விலைவாசி எகிறியது. சன்ஜுரோ காசுக் கணக்கில் எமகாதகன் என்றாலும் இதைக் கேட்கவில்லை. அதற்கு முன்பே அடுத்த அறையில் செய்பேயின் மனைவி ஓரின் போடும் திட்டம் காதில் விழுந்துவிட்டது: சண்டை ஜெயித்ததும் பின்னாலிருந்து இவனை மகன் கையால் முடித்துவிட்டால் மீதி 25 மிச்சம், பையனுக்கும் ஒரு கொலை கணக்கில் ஏறும்.

இரண்டு கும்பலும் தெருவில் எதிரெதிரே நிற்கும் நேரத்தில் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தீ பார்க்கும் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்துவிடுகிறான். கீழே ஒரு கும்பல் நாலடி முன்னால் வரும், மற்றது நாலடி பின்னால் போகும். பிறகு மாறும். வாள் எல்லாம் நடுங்குகிறது. ஊர் ரெண்டுபட்டதைக் கூத்தாடி பால்கனியில் உட்கார்ந்து பார்த்த படம் இது. அதற்குள் எடோவிலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று சேதி. நொடியில் ஊர் சாதுவாகிவிடுகிறது. வந்தவருக்கு விருந்து, கவனிப்பு எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. லஞ்சம் வாங்கும்போது மட்டும் அந்த அரசாங்கம் சுறுசுறுப்பு.

சண்டை தொடங்கும் முன் இன்னொரு சின்ன விஷயம் நடக்கிறது, பலரும் சிரித்துவிட்டுக் கடந்து போவது. செய்பேவிடம் ஏற்கெனவே ஹோன்மா என்ற வாள் வாத்தியார் சம்பளத்துக்கு இருக்கிறார். புதிதாக வந்தவனுக்கு 50 ரியோ என்று தெரிந்ததும் அவருக்கு முகம் விழுந்துவிடுகிறது. அடிதடி நேரம் நெருங்கும்போது கொல்லைப்புறச் சுவர் ஏறிக் குதித்து, அதைப் பார்த்துவிட்ட சன்ஜுரோவுக்குச் சிரித்தபடி கையசைத்துவிட்டு ஓட்டம் பிடிக்கிறார். என் கணக்கில் இந்தப் படத்தின் சரித்திரப் பூர்வமான சாமுராய் அவர்தான். ஒரு படம் முழுக்க அவரோடு போயிருக்கலாம்.

சன்ஜுரோ ஒரே ஒரு நல்ல காரியம் செய்கிறான், அதுதான் அவனுக்கு வினையாகிறது. புருஷன் சூதில் தோற்று, சாகே முதலாளியிடம் சிக்கிக்கொண்ட ஒரு பெண்ணைக் காவலாளிகளைக் கொன்று மீட்டு, இதற்குள் அவனைக் கூலிக்குப் பிடித்திருந்த உஷிதோரா கொடுத்த 30 ரியோவையும் அந்தக் குடும்பத்திடம் தந்து ஓடிப்போ என்கிறான். அவர்கள் ஓடாமல் தரையில் விழுந்து கும்பிட்டு அழுகிறார்கள். அழுதால் எனக்குப் பிடிக்காது, வெட்டிவிடுவேன் என்று மிரட்டித் துரத்த வேண்டியிருக்கிறது. அதோடு விட்டார்களா? நன்றிக் கடிதம் வேறு எழுதி அனுப்புகிறார்கள். கடிதம் உஷிதோராவின் தம்பி உனோசுகே கையில் மாட்டுகிறது. கழுத்தில் மேல்நாட்டு மஃப்ளர், உடைக்குள் கைத்துப்பாக்கி என்று அலையும் பாம்பு அவன். நடித்தவர் தட்சுயா நகாதாய். நம்ம ஆளைக் குற்றுயிராகும் வரை அடிக்கிறார்கள். துப்பாக்கியால் ஆகாத காரியத்தை மரியாதை செய்துவிட்டது.

தப்பிப்பது சவப்பெட்டிக்குள். தூக்கி வந்த பெட்டிக்காரர் பயத்தில் பாதியில் கம்பி நீட்ட, தூக்க ஆள் இல்லை. கோஞ்சி எதிரி கோஷ்டியின் மண்டு இனோகிச்சியையே கூப்பிட்டுக் கை கொடுக்கச் சொல்கிறார். தான் தேடும் ஆளைத் தானே சுமந்து ஊருக்கு வெளியே விட்டுவிட்டுப் போகிறான் அந்தப் புண்ணியவான். பெட்டிக்காரரின் புலம்பல் தனி. சண்டை பெரிதாகிவிட்டால் யாரும் பெட்டி வாங்குவதில்லையாம். கொலை ஓர் அளவோடு நடந்தால்தான் வியாபாரம்.

கடைசியில் சன்ஜுரோ திரும்பி வந்து, துப்பாக்கி பிடித்த கையில் கத்தியை எறிந்து, மிச்சமிருப்பவர்களை வெட்டிச் சாய்க்கிறான். ஊர் இனி அமைதியாக இருக்கும் என்கிறான். ஆளே இல்லாத ஊரில் யார் சத்தம் போடுவது? மிஃபூனேவுக்கு வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அடுத்த வருஷமே ‘சன்ஜுரோ’ என்று இன்னொரு படம். அங்கே காமெலியா பூ கண்ணில் பட்டதால் பெயரின் முன்பாதி மல்பெரித் தோட்டத்திலிருந்து காமெலியாவுக்கு மாறிவிட்டது.

1964-ல் இத்தாலியில் செர்ஜியோ லியோனே இதே கதையை, கோபுரத்துக்குப் பதில் ஒரு பால்கனி, சவப்பெட்டிக் கணக்கு உட்பட, கிளின்ட் ஈஸ்ட்வுட்டுக்கு மாட்டிவிட்டார். ‘ஏ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’. உரிமை மட்டும் வாங்க மறந்துவிட்டார். தோஹோ கம்பெனி வழக்குப் போட்டது. உலக வசூலில் 15 சதவீதம் என்று சமரசம் ஆனது. குரோசாவாவோ, தாஷியல் ஹாமெட்டின் அமெரிக்கத் துப்பறியும் கதையான ‘தி கிளாஸ் கீ’யிலிருந்து தனக்குக் கிடைத்ததை மறைத்ததே இல்லை. சன்ஜுரோ மட்டும் அந்த வழக்கு நடந்தபோது இருந்திருந்தால், இரண்டு தரப்புக்கும் சாட்சி சொல்வதாக ஒப்புக்கொண்டு, இரண்டு பக்கமும் பாதி முன்பணம் வாங்கியிருப்பான்.