திருப்புதலார்

இங்கிலாந்தில் ஈஸ்டர் விடுமுறைக்கும் மே மாத நடுவுக்கும் இடைப்பட்ட நாட்களில், 16 வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு விருந்தாளியாகப் போகாமல் இருப்பது நல்லது. போய்த்தான் ஆகவேண்டும் என்றால், குளியலறைக்குள் நுழையுமுன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கை கழுவும் தொட்டிக்கு மேலே, கண்ணாடியில், எத்தனை கழுவினாலும் கையில் படிந்த இரத்தம் போகாது என்ற பொருள்பட யாரோ எழுதி ஒட்டியிருப்பார்கள். பதற வேண்டாம். புலம்புவது லேடி மக்பெத். ஒட்டியவர் நம் திருப்புதலார்.

திருப்புதலார் ஜி.சி.எஸ்.இ. ஆங்கில இலக்கியத் தேர்வுக்கு ரிவிஷன் செய்துகொண்டிருக்கிறார். ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்று, 19ஆம் நூற்றாண்டு நாவல் ஒன்று, பிற்கால நாடகமோ நாவலோ ஒன்று, 15 கவிதைகள் கொண்ட தொகுப்பு ஒன்று, முன்பின் பார்த்திராத கவிதைகள் இரண்டு. ஏ.கியூ.ஏ. தேர்வு வாரியத்தில் இவ்வளவும் இரண்டு தாள், மொத்தம் 4 மணி நேரம். இவற்றுக்காக அவர் செய்யாத காரியம் இல்லை, அந்தப் புத்தகங்களைப் படிப்பதைத் தவிர.

முதல் காரியம் அட்டவணை. இளஞ்சிவப்பு மக்பெத்துக்கு, பச்சை டிக்கன்ஸுக்கு, நீலம் கவிதைக்கு. ஞாயிறு பிற்பகல் 2 மணி முதல் 2.40 வரை 'பேராசை', 2.40 முதல் 3 வரை 'இடைவேளை' என்று கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார். இடைவேளையை ஒரு நிமிடம் பிசகாமல் கடைப்பிடிப்பார். பேராசைதான் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப் போகும். இரண்டு வாரத்தில் அட்டவணைக்கும் நாட்காட்டிக்கும் தொடர்பு அறுந்துபோகும். அப்போது புதிய அட்டவணை போடுவார், இந்தமுறை இன்னும் நல்ல அட்டையில்.

அடுத்தது ஹைலைட்டர். முக்கியமான வரிகளை மட்டும் மஞ்சளாக்குவது என்றுதான் தொடங்குவார். மூன்றாம் பக்கத்தில் எதை விடுவதென்று தெரியாமல் முழுப் பக்கத்தையும் மஞ்சளாக்கிவிடுவார். அதன்பிறகு மஞ்சள் படாதது மட்டுமே கண்ணில் படும். பெரும்பாலும் அது பக்க எண்.

மேற்கோள் அட்டைகள் வீடு முழுவதும் பரவுவது ஏப்ரல் கடைசியில். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் டிக்கன்ஸின் கஞ்சன் ஸ்க்ரூஜ் ஏழைகளைத் திட்டிக்கொண்டிருப்பார். பால் எடுக்கப் போகிற அப்பா தினமும் காலையில் அதை வாங்கிக் கட்டிக்கொள்வார். மாடிப்படியில் 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' நாடகத்தின் பிர்லிங் குடும்பம் படிக்கு ஒருவராகக் குடியேறியிருக்கும். 9 வயதுத் தங்கை இரண்டே வாரத்தில் அத்தனையையும் சொல்லத் தொடங்கிவிடுவாள், யார் யாரிடம் எந்த அங்கத்தில் சொன்னது என்பது உட்பட. திருப்புதலாருக்கு மட்டும் வராது. அவர் எழுதி ஒட்டுகிறவர். எழுதி ஒட்டியபின் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

இந்த மனப்பாட மோகத்துக்கு முழுப் பழியையும் அவர்மேல் போடுவது நியாயமில்லை. முன்பு சில தாள்களுக்குப் புத்தகத்தைக் கையோடு எடுத்துப் போகலாம். மைக்கேல் கோவ் 2010 முதல் 2014 வரை கல்வி அமைச்சராக இருந்தபோது தொடங்கிய சீர்திருத்தத்தில் அது போயிற்று. 2017இல் முதன்முதலாக நடந்த புதிய தேர்விலிருந்து பாடப்புத்தகம் வாசலோடு சரி. ஷேக்ஸ்பியருக்கும் டிக்கன்ஸுக்கும் ஒரு பகுதியை வினாத்தாளில் அச்சடித்துக் கொடுப்பார்கள். மற்றது தலையில் இருக்கவேண்டும். கீழை நாட்டுப் பிள்ளைகள் பொருள் புரியாமல் நெட்டுருப் போடுகிறார்கள் என்று குறைப்பட்ட நாட்டில், இப்போது பேருந்தில் போகிற பிள்ளைகளெல்லாம் உதட்டை அசைத்துக்கொண்டு போகிறார்கள். கோனார் நோட்ஸோடு வளர்ந்த எனக்கு இதில் உண்டான சந்தோஷத்தை மறைப்பானேன்?

வேடிக்கை என்னவென்றால், தேர்வு வாரியம் அவ்வளவு கேட்கவே இல்லை. நாடகத்தில் எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று குறிப்பாகச் சொன்னாலும் அது சான்றுதான், வார்த்தைக்கு வார்த்தை மேற்கோள் வேண்டியதில்லை என்பதே அவர்கள் நிலை. இதை நம்பும் மாணவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. நம்பினால் நாடகத்தைப் படிக்கவேண்டி வருமே.

அவருடைய கட்டுரைகளில் எனக்கு மிகவும் பிடித்தவர் மக்பெத்தும் இல்லை, அவன் மனைவியும் இல்லை. 'ஜேக்கபியன் பார்வையாளர்' என்று ஒருவர் வருவார், அதாவது முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் நாடகம் பார்த்தவர். நூல் எழுந்த காலச் சூழலைச் சொன்னால் அதற்குத் தனி மதிப்பெண் உண்டு, ஏ.ஓ. 3 என்று பெயர். அந்த மதிப்பெண்ணுக்காகவே திருப்புதலார் இவரை வளர்த்துவருகிறார். பாவம், இந்தப் பார்வையாளருக்கு ஒரே ஒரு வேலை: அதிர்ச்சி அடைவது. சூனியக்காரிகள் வந்தால் அதிர்ச்சி. மனைவி கணவனை எதிர்த்துப் பேசினால் அதிர்ச்சி. அரசனைக் கொன்றால் பேரதிர்ச்சி. முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1597இல் சூனியத்தைப் பற்றி ஒரு நூலே எழுதினார் என்பதும், 1605இல் அவரைக் கொல்ல வெடிமருந்துச் சதி நடந்தது என்பதும் உண்மைதான். திருப்புதலாருக்கு இவ்விரண்டும் அத்துப்படி. ஆனால் அதே காலத்து லண்டன்வாசி ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்குக்கு அக்கம்பக்கத்திலேயே கரடியின்மேல் நாய்களை ஏவிவிட்டு அதைக் காசு கொடுத்துப் பார்த்தவன். லண்டன் பாலத்தைக் கடக்கும்போது கம்பத்தில் செருகி வைத்த துரோகிகளின் தலைகளுக்குக் கீழே நடந்து வந்தவன். 1603 வரை 44 ஆண்டு ஒரு பெண்ணின் ஆட்சியில் இருந்தவன். இவ்வளவையும் பார்த்துவிட்டு நாடகத்துக்கு வந்து உட்கார்ந்தவன், ஒரு மனைவி குரலை உயர்த்தியதும் மூர்ச்சை போட்டு விழுகிறான். அந்த ஆள் கடலை கொறித்ததாகவோ, பக்கத்தில் இருந்தவனோடு இடத்துக்குச் சண்டை போட்டதாகவோ, வாயிற்காவலன் குடித்துவிட்டு உளறும் காட்சியில் சிரித்ததாகவோ நான் எந்தக் கட்டுரையிலும் படித்ததில்லை.

இவருடைய பேரன் முறை விக்டோரியன் வாசகர். இவர் அதிர்ச்சி அடைவதில்லை. குற்ற உணர்ச்சி அடைவார். 'எ கிறிஸ்துமஸ் கரோல்' 1843 டிசம்பர் 19இல் வெளிவந்து, அச்சடித்த 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்குள் விற்றுத் தீர்ந்தன. திருப்புதலாரின் கணக்குப்படி அந்த 6,000 பேரும் பண்டிகையன்று வாத்துக்கறியைத் தள்ளி வைத்துவிட்டு 1834ஆம் ஆண்டு ஏழைச் சட்டத்தை நினைத்து வருந்திக்கொண்டிருந்தார்கள்.

டிக்கன்ஸின் அந்தப் புத்தகம் சிறியது. ஒரு மழை நாள் சாயங்காலத்தில் படித்து முடித்துவிடலாம். திருப்புதலார் அதைப் பற்றிய காணொளிகளைப் பல சாயங்காலங்கள் பார்ப்பார், ஒன்றரை மடங்கு வேகத்தில், நேரத்தை மிச்சப்படுத்த. கதை தெரியவேண்டுமே என்று 1992இல் வந்த மப்பெட் பொம்மைகளின் படத்தையும் பார்ப்பார். நல்ல படம்தான், மைக்கேல் கெய்ன் ஸ்க்ரூஜாக நடித்தது. சிக்கல் என்னவென்றால், டிக்கன்ஸ் ஆவியாக அனுப்பிய மார்லி ஜேக்கப் ஒருவர்தான். பெட்டியில் இரண்டு கிழப் பொம்மைகள் இருந்ததால் படத்தில் மார்லி சகோதரர்கள் இருவர் ஆகிவிட்டார்கள். ராபர்ட் மார்லியின் மனமாற்றத்தை அலசுகிற விடைத்தாளைத் திருத்துகிறவர் மதிப்பெண் போடுமுன் கொஞ்சம் சிரித்திருப்பார் என்று நம்புகிறேன். 'ரோமியோ ஜூலியட்' எடுத்தவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. 1996ஆம் ஆண்டுப் படத்தில் துப்பாக்கிகள் வருகின்றன.

ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் நம்மவர் வீடுகளில் இந்தத் திருப்புதல் நாடகத்துக்கு இன்னொரு பாத்திரம் கூடுதல்: அம்மா. சனிக்கிழமை டியூஷன், அறிந்தவர் பிள்ளையின் பழைய நோட்ஸ், மூன்று பதிப்பகங்களின் கையேடுகள் எல்லாம் வாங்கிக் கொடுத்த பிறகு, ஒரு நாள் தேத்தண்ணியோடு கதவருகே வந்து நிற்பார்.

"உந்தப் புத்தகத்தை ஒருக்கா எடுத்து முதலிலிருந்து வாசிச்சா என்னடா?"

"அம்மா, ப்ளீஸ். உங்களுக்கு விளங்காது. எனக்கு ஏ.ஓ. 3 காணாது."

"அது எங்க விக்குது?"

அந்த ஏப்ரலிலும் மேயிலும் பிள்ளைக்குக் கிடைத்த ஒரே உருப்படியான ஆலோசனை அதுதான். அதைச் சொன்னவர் தேத்தண்ணிக் கோப்பையோடு திருப்பி அனுப்பப்படுவார்.

தேர்வுக்கு முந்தின இரவு ஆரூடம். போன வருடம் லேடி மக்பெத் வந்துவிட்டாள், ஆகவே இந்த வருடம் வரமாட்டாள். சூனியக்காரிகள் வந்து வெகு நாளாயிற்று, ஆகவே வருவார்கள். இப்படி நண்பர் குழுவில் நள்ளிரவு வரை தீர்மானம் நிறைவேற்றிவிட்டுத் தூங்கப் போவார்கள். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் சூனியக்காரிகளின் வாக்கை அரைகுறையாக நம்பி ஒருவன் கெட்டொழிந்த கதைக்குத்தான் இவர்கள் தேர்வெழுதப் போகிறார்கள் என்பதை யாரும் கவனிப்பதில்லை.

மறுநாள் மண்டப வாசல். உள்ளே இருப்பது தெரிகிற பென்சில் பை, கறுப்பு மைப் பேனா, லேபிள் கிழித்த தண்ணீர்ப் போத்தல். அங்கே ஒரு மாணவி கட்டாயம் நிற்பாள்: "நான் ஒண்ணுமே படிக்கலை, சத்தியமா" என்று கண் கலங்கச் சொல்வாள். அவளை நம்பி ஆறுதல் சொல்லாதீர்கள். ஆகஸ்டில் அவளுக்கு 9 வரும். 9தான் உச்சம்; அதற்கு மேல் இல்லாததால் அதோடு நிறுத்திக்கொள்வாள்.

திருப்புதலார் உள்ளே போய் வினாத்தாளைத் திறக்கிறார். பேராசை பற்றிய மாதிரிக் கட்டுரை ஒன்று தலையில் தயாராக இருக்கிறது. கேள்வியோ பாங்க்வோவைப் பற்றியது. தென்னை மரத்தைப் பற்றிப் படித்துவிட்டுப் போய், பசுவைப் பற்றி எழுதச் சொன்னதும், பசுவைக் கொண்டுபோய்த் தென்னை மரத்தில் கட்டினானே நம்மூர்ப் பையன், அவன் இந்த இடத்தில் கைகொடுப்பான். பாங்க்வோவுக்குப் பேராசை இல்லை என்று திருப்புதலார் தொடங்குகிறார். பேராசை இருந்தவன் மக்பெத். பேராசையாவது யாதெனில்... அங்கிருந்து பேனா நிற்கவில்லை. ஜேக்கபியன் பார்வையாளர் நான்கு முறை அதிர்ச்சி அடைகிறார். குளியலறைக் கண்ணாடியில் ஒட்டியது ஒன்றுதான் அப்படியே நினைவுக்கு வருகிறது; கேள்விக்கும் அதற்கும் ஒட்டில்லை. ஆனாலும் இத்தனை நாள் பல் துலக்கும்போது முகத்தில் அறைந்த வரியை விட்டுவிட்டு வர மனம் வருமா? அதுவும் எழுதப்படுகிறது.

ஆகஸ்டில் முடிவு வரும், அவருக்கு 6. இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமுண்டு, ஏனென்றால் அந்த 6 நியாயமானது. மனப்பாடமாக வந்த கட்டுரைக்கு இடையே, பாங்க்வோ தன் மகனை ஓடிவிடச் சொல்லிவிட்டுச் சாகிறானே, அந்த இடத்தைப் பற்றி அவர் சொந்தமாக ஐந்து வரி எழுதியிருந்தார். எந்தக் காணொளியிலும் இல்லாத ஐந்து வரி. அவற்றை எழுதியது அவருக்கே நினைவில்லை.

செப்டம்பரில் பொருட்களை இணையத்தில் விற்கப் போடுகிறார். அட்டைகள், மூன்று கையேடுகள், பாதி தீர்ந்த ஹைலைட்டர்கள், கூடவே டிக்கன்ஸும் ஷேக்ஸ்பியரும். கையேடுகளுக்கு 'நன்கு பயன்படுத்தப்பட்டது' என்று விவரம் கொடுத்திருக்கிறார். நாவலுக்கு: 'நான்காம் பக்கம் வரை இலேசான மஞ்சள், அதன்பின் புத்தம் புதியது.'