ஒம்பதாப்புக்காரனுக்கு ரெஸ்யூம் எதுக்குலே?

ஏலே பேராண்டி, இங்கிட்டு வா. அந்தப் போனைக் கீழ வையி. ஒங்க பள்ளிக்கூடத்துக்கு டை கட்டின ஆளு ஒருத்தரு வந்து, "பத்து வருசம் கழிச்சு நீ எங்க இருப்பே?"ன்னு கேட்டாராமே? நீ என்ன சொன்னே? முழிச்சியா? முழிச்சதுதான் சரி. புரட்டாசில விதைச்சவனுக்கே கார்த்திகையில மழை உண்டா இல்லையான்னு தெரியாத கரிசக்காடு இது. ஒனக்குப் பத்து வருசத்துக் கணக்கு எப்படித் தெரியும்?

பெறவு ஒரு தாளைக் குடுத்து டிக் அடிக்கச் சொன்னாகளாம். "கூட்டம் பிடிக்குமா, தனிமை பிடிக்குமா?"ன்னு ஒரு கேள்வியாம். ஒத்த ரூமுல ஆறு பேரு படுத்து எந்திரிக்கிற வீட்டுல, தனிமைய நீ எங்கலே பாத்தே, பிடிக்குதா இல்லையான்னு சொல்ல? கடைசியில ஒனக்குத் "தலைமைப் பண்பு" இருக்குன்னு வந்துச்சாக்கும். ஒன் பெஞ்சுக்காரன் எல்லாருக்கும் அதேதான் வந்துச்சாமே? எல்லாரும் தலைவனாப் போனா, காலையில கடையத் திறந்து வாசலைக் கூட்டுறது யாரு?

அதோட விட்டாகளா? ரெஸ்யூம் எழுதணுமாம். ஒம்பதாப்புக்காரன் அதுல என்னத்த எழுதுவான்? ஆடு மேச்சதை எழுதினா ஒத்துக்கிடுவாகளா? இன்னொரு கூத்து கேளு. டவுனுல காசு கட்டினா இன்டர்ன்சிப்பு குடுக்கானாம், கையோட சர்ட்டிபிகேட்டும் உண்டாம். எனக்குத் தெரிஞ்சு சோலி பாத்தவனுக்குத்தான் காசு. சோலி பாக்குறவனே காசைக் கட்டிட்டுப் போறதை இப்பத்தான் கேக்கேன்.

அனுபவம் அனுபவம்னு பறக்காகளே, அது இந்தப் பக்கத்துக்குப் புதுசா? அந்தக் காலத்துல விடியறதுக்கு முன்ன ஊருக்குள்ள கம்பெனி பஸ்ஸு வந்து நிக்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கிட்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும். அங்க குச்சிய ஒண்ணொண்ணா எடுத்துச் சட்டத்துல அடுக்கணும். கட்டை அடுக்குறதுன்னு பேரு. இத்தனை கட்டைக்கு இவ்வளவு கூலின்னு கணக்கு. விரலு அந்த வேகத்துக்குப் பழகிரும், புஸ்தகத்துக்குப் பழகாது. கோவில்பட்டி, சாத்தூரு, சிவகாசி, கழுகுமலைன்னு சுத்துவட்டாரம் பூராவும் அப்ப இந்தக் கதைதான். 1986-ல குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்துச்சு. 2016-ல திருத்தி, பதினாலு வயசுக்குக் கீழ, சொந்த வீட்டுத் தொழில் மாதிரி ஒண்ணு ரெண்டு விலக்கு போக, எந்த வேலையிலயும் வைக்கப்படாது, பதினெட்டு வரைக்கும் ஆபத்தான தொழில்ல வைக்கப்படாதுன்னு இறுக்குனாக. எங்களுக்கும் ரொம்ப அனுபவம் கிடைச்சுச்சுய்யா. யாரும் சர்ட்டிபிகேட்டு குடுக்கல.

இன்னொரு பாடமும் இருக்கு. 1953-ல ராஜாஜி ஒரு திட்டம் கொண்டாந்தாரு. கிராமத்துப் பிள்ளைக மூணு மணி நேரம் படிக்கட்டும், மிச்ச நேரம் அப்பன் தொழிலைக் கத்துக்கிடட்டும்னு. கேக்க நல்லாத்தான் இருக்கும். வெளுக்கிறவன் மகன் வெளுக்கணும், பானை வனையிறவன் மகன் வனையணும். சரி, வக்கீல் மகன்? அவன் டவுன்ல முழுநாளும் படிக்கலாம், திட்டம் கிராமத்துக்குத்தானே! குலக்கல்வின்னு ஊரே கொதிச்சுப் போச்சு. மறு வருசம் நம்ம விருதுநகர்க்காரரு காமராசர் வந்து, அதைத் தூக்கி எறிஞ்சாக. அதனால சொல்றேன், தொழிலைக் காட்டுறேன்னு எவன் வந்தாலும் மொதக் கேள்வி இதாத்தான் இருக்கணும்: "எங்க அப்பன் செய்யாத சோலியக் காட்டுவியா?"

இப்ப சர்க்காரு "நான் முதல்வன்"னு ஒரு திட்டத்தை 2022 மார்ச்சுல ஆரம்பிச்சிருக்கு. ஒம்பதாப்புல இருந்தே என்ன படிக்கலாம், எங்க படிக்கலாம்னு சொல்லித் தாராக. பன்னெண்டாப்புப் பிள்ளைகளைப் பக்கத்துக் காலேசுக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டவும் செய்றாக. நல்ல காரியம், குத்தம் சொல்லமாட்டேன். காலேசு வாசலையே மிதிக்காத வீட்டுப் பிள்ளைக்கு அதுவே பெரிசு. ஆனா காலேசைக் காட்டியாச்சு, சோலிய எப்பக் காட்டுவே? இஞ்சினியருன்னு சொல்றியே, அவரு காலையில எட்டு மணிக்குப் போயிச் சாயங்காலம் வரைக்கும் என்ன செய்றாருன்னு ஒரு நாளாச்சும் பாத்திருக்கியா? பாக்காமலே இஞ்சினியராகணும்ங்கிறே. பொண்ணைப் பாக்காமலே தாலி கட்டப் போறவன் கணக்கா இருக்கு.

பாக்கிறதுக்கா இங்க பஞ்சம்? நம்ம கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு குடுத்தாக, ஊரே கொண்டாடுச்சு. நீயும் வாயில போட்டுக் கொண்டாடினே. அது எப்படி ஆகுதுன்னு போய் நின்னு பாத்தியா? வெல்லப் பாகு கொதிக்கும். மாஸ்டரு கரண்டியில தொட்டுத் தண்ணியில ஒரு சொட்டு விடுவாரு. உருட்டித் தட்டுல போட்டா 'டங்'குனு சத்தம் வரணும். வரலைன்னா மிட்டாய் பல்லுல ஒட்டும். ஒரு நிமிசம் விட்டா பாகு முறுகிக் கசந்துரும். அந்த ஒரு நிமிசத்தை எந்தத் தாள்ல டிக் அடிச்சுக் கத்துக்கிடுவே?

அங்கயே கணக்கையும் கேளு. வெக்கப்படாதே. கூலி எவ்வளவு, மழைக்காலத்துல எத்தனை நாள் வேலை, வேர்க்கடலை விலை ஏறினா யாரு வயித்துல அடி விழுது? தீப்பெட்டி 2007-ல ஒரு ரூபா ஆச்சு. பெறவு ரெண்டு ரூபா ஆனது 2021 டிசம்பர்லதான். இடையில பதினாலு வருசம்! அதுக்குள்ள டீ விலை எங்க போச்சு, பஸ்ஸு டிக்கெட்டு எங்க போச்சு? ஒரு தொழிலுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்ன இதையெல்லாம் கேக்கணும்லா? டை கட்டினவரு இதைச் சொன்னாரா?

1901-ல இருந்து இங்க வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கு. மழையை நம்பிப் பருத்தியும் சோளமும் போடுற கரிசலுக்குன்னே உண்டாக்கினது. அந்தக் கேட்டைத் தாண்டி எத்தனை தடவை சைக்கிள்ல போயிருக்கே? உள்ள ஒருத்தரு விதையைப் பிரிச்சுப் பாத்துக்கிட்டு இருப்பாரு. அதுவும் ஒரு உத்தியோகந்தான். அதுக்கும் ஒரு படிப்பு உண்டு.

"தாத்தா, இடைசெவல் எழுத்தாளர் கி.ரா. எட்டாப்பைத் தாண்டாமலே பாண்டிச்சேரி யுனிவர்சிட்டியில பேராசிரியராகலையா?"ன்னு மடக்குவே, தெரியும். ஆனாருதான். 1991-ல சாகித்ய அகாதமி விருதும் வாங்கினாரு. ஆனா அவரு காட்டுல நின்னு கண்ணையும் காதையும் திறந்து வச்சிருந்தாரு. நீ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு ரீல்ஸ் பாக்கே. அவரு பேரை இழுக்காதே.

சம்சாரிமாரே, கடைக்காரகளே, ஒர்க்சாப்பு மொதலாளிகளே, ஒங்களுக்கும் ஒண்ணு. பிள்ளைக வந்து நின்னா விரட்டாதீக. ரெண்டு நாள் ஓரமா நிறுத்திக் காட்டுங்க, கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. ஓசியில ஆளு கிடைச்சுச்சுன்னு வேலை மட்டும் வாங்கிராதீக. அந்தக் கூத்தைத்தான் இந்த ஊரு தீப்பெட்டி ஆபீசுல பாத்தாச்சே.

நீ என்னலே இன்னும் நிக்கிறே? பரீட்சை லீவு வருதுல்ல? மூணு எடத்தைச் சொல்லு, ஆளுகிட்ட நான் பேசுறேன். ஒங்க அப்பன் தொழில் அதுல ஒண்ணாக்கூட இருக்கப்படாது. அவன் சண்டைக்கு வந்தா எங்கிட்ட அனுப்பு.