எழாத கேள்விகளுக்கு ஒரு பாராட்டு

பெறுநர்: ஒன்றிய அரசின் தொழிலாளர், சுகாதார அமைச்சகங்கள்

பொருள்: பெருந்தொற்றுக் காலத்தில் கேள்விகள் எழாமல் பார்த்துக்கொண்டமை – பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவித்து, நள்ளிரவில் நாட்டைப் பூட்டினீர்கள். ஊர் நோக்கி நடந்த தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள், இழப்பீடு உண்டா என்று செப்டம்பர் 14-ல் மக்களவையில் கேட்டபோது, அந்த விவரம் பராமரிக்கப்படவில்லை, ஆகவே இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை என்றீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் திறமை வேண்டும். படிவத்தில் பூசணிக்காய்க்குப் பத்தியே இல்லாவிட்டால் அந்தச் சிரமமும் இல்லை. ரயில்வேக்கு இந்தச் சூட்சுமம் தெரியவில்லை, பாவம். அதே வாரம் மாநிலங்களவையில், ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் 97 பேர் இறந்ததாக எண்ணிச் சொல்லிவிட்டது.

2021 ஜூலையில், ஆக்சிஜன் பற்றாக்குறையால் யாரும் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என்றீர்கள். மாநிலங்கள் அனுப்புவதைத்தானே தொகுக்க முடியும் என்ற வாதத்தில் பாதி நியாயம் உண்டு; பீகார் முதல் கேரளம் வரை விட்டுப்போன கொரோனா மரணங்களைப் பின்னால்தான் சேர்த்தார்கள். ஆனால் ஊரடங்கை மாநிலங்களைக் கேட்டா அறிவித்தீர்கள்? பூட்டும்போது ஒரே நாடு, எண்ணும்போது மட்டும் கூட்டாட்சி.

உலக சுகாதார நிறுவனம் 2020, 2021 இரண்டு ஆண்டுகளுக்கும் இந்தியாவில் 47 லட்சம் கூடுதல் மரணங்கள் என்று மதிப்பிட்டபோது, அந்தக் கணித மாதிரி தவறு, எங்களிடம் பிறப்பு இறப்புப் பதிவேடு இருக்கிறது என்றீர்கள். சரி, உங்கள் பதிவேட்டையே பார்ப்போம். 2021-க்கான கணக்கு 2025 மே மாதம்தான் வெளிவந்தது: 1.02 கோடி இறப்புகள், முந்தைய ஆண்டைவிடச் சுமார் 21 லட்சம் அதிகம். அந்த ஆண்டுக்கு நீங்கள் சொன்ன கொரோனா மரணங்களோ ஏறத்தாழ 3.3 லட்சம். கூடியவை எல்லாமே கொரோனா அல்ல, பதிவு செய்யும் வழக்கமும் கூடியிருக்கும், ஒத்துக்கொள்கிறேன். பாதியைக் கழித்தாலும் மிச்சம் உங்கள் கணக்கைப்போல் மூன்று மடங்கு. உச்ச நீதிமன்றம் தலையிட்டு, குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று ஆனதும் நடந்ததைப் பாருங்கள். 2022 ஜனவரியில் குஜராத்தின் கணக்கில் இறந்தவர்கள் சுமார் 10,000. அரசே ஏற்றுக்கொண்ட விண்ணப்பங்கள் 68,000-க்கு மேல். இழப்பீட்டுக்காக வரையறை தளர்த்தப்பட்டது என்பீர்கள். ஆமாம், தொற்று உறுதியாகி 30 நாளுக்குள் இறந்தவர்களையும் சேர்த்தார்கள். அவர்கள் ஒன்றும் வரையறை மாறிய பிறகு செத்தவர்கள் இல்லையே.

ஆகவே ஒரே வேண்டுகோள். நடந்தே இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் அப்படியொரு விண்ணப்பம் வெளியிடுங்கள். இறந்த இடம் என்ற பத்தியில் தேசிய நெடுஞ்சாலை எண்ணை எழுத இடம் விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குடிமகன்