இதுல ஒரு இசுசு போட்டா…

போன ஞாயிற்றுக்கிழமை கெடிலம் கூட்டு ரோட்டில் டீ குடிக்க நிறுத்தினோம். சர்க்கரை கம்மி என்று சொல்லிவிட்டு நான் திரும்புவதற்குள் மச்சான் என் அம்பாசிடரின் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டான். சுற்றி நாலு பேர் கூடிவிட்டார்கள். அதில் ஒருவர் கையில் பாதி கடித்த பஜ்ஜி. எண்ணெய் வழியும் அந்தப் பஜ்ஜியாலேயே உள்ளே சுட்டிக்காட்டி, "இவ்ளோ எடம் சும்மாதானே சார் கெடக்குது? இதுல ஒரு இசுசு போட்டா எப்படி இருக்கும் தெரியுமா?" என்றார்.

தெரியும். எப்படி இருக்கும் என்பது இந்த ஜில்லாவில் எல்லாருக்கும் தெரியும். போட்டு ஓட்டினவரைத்தான் காணோம். சொல்கிற ஒவ்வொருவரும் தன் சொந்தக்காரர் ஒருவர் போட்டதைப் பார்த்தவர்கள். அந்தச் சொந்தக்காரர் சேலத்தில் இருப்பார், இல்லாவிட்டால் கோயம்புத்தூரில். உளுந்தூர்பேட்டையில் இருந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. கிளம்பிப் போய்ப் பார்த்துவிடுவோமே என்ற பயம்தான்.

இந்தக் கட்டுரையில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டப்போகிறேன். ஒரு குடும்பத்துக்கு எத்தனை குதிரைசக்தி இருந்தால் போதும் என்கிற கணக்கு. அதைத் தெரிந்துகொண்டால் டீக்கடைப் பேச்சு பாதி குறையும். அதற்கு முன்னால் ஒன்றிரண்டு விஷயம்.

அம்பாசிடரைச் சொல்லிக் குற்றமில்லை. அதன் பானெட்டுக்குள் ஒரு ஆள் இறங்கி நின்று வேலை பார்க்கலாம். காலிமனையைக் கண்ட கொத்தனாருக்குக் கை சும்மா இருக்காது அல்லவா, அந்தக் கதைதான். இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் உடம்பை வாங்கி 1950களின் கடைசியில் உத்தர்பாராவில் செய்ய ஆரம்பித்தார்கள்; 2014இல்தான் நிறுத்தினார்கள். வெகுகாலம் அதில் ஓடியது 1489 சி.சி. பெட்ரோல் இஞ்சின், 55 குதிரைசக்தி. 1980இல் அதே 1489இல் டீசலும் வந்தது. அது 37 குதிரை. முன்சீட்டில் மூணு பேர், பின்சீட்டில் நாலு பேர், மடியில் இரண்டு குழந்தை, டிக்கியில் சீர்வரிசை என்று நாம் ஏறிய வண்டி அது. தலைக்கு நாலு குதிரையும் கொஞ்சம் சில்லறையும். கணக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

1990களின் தொடக்கத்தில் கம்பெனிக்காரர்களே ஜப்பான் இசுசுவின் 1817 சி.சி. இஞ்சினை அதற்குள் வைத்தார்கள். 75 குதிரை, ஐந்து கியர். ஆக, பஜ்ஜிக்காரர் சொன்னதை உத்தர்பாரா எப்போதோ செய்து முடித்துவிட்டது. வேண்டியவர்கள் அந்த வண்டியையே வாங்கியிருக்கலாம். அதை இவர்களிடம் சொன்னால் முகம் சுருங்குகிறது. வாங்குவதில் என்ன பெருமை? போடுவதில்தானே பெருமை!

இதற்கு நேர் எதிரான காரியத்தையும் நம் சென்னையில் செய்து பார்த்தார்கள். பெருங்களத்தூர் ஸ்டாண்டர்டு கம்பெனி 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு கார் விட்டது. உடம்பு இங்கிலாந்து ரோவர் எஸ்.டி.1. அந்த ஊரில் அதற்குள் எட்டு சிலிண்டர், மூன்றரை லிட்டர் இஞ்சின் வைத்து போலீஸ்காரர்களே ஓட்டினார்கள். இங்கே அதற்குள் போனது பழைய வேன்கார்டு காரின் வழிவந்த 1991 சி.சி. இஞ்சின். அந்த வம்சத்தில் பிறந்த இன்னொன்றுதான் வெள்ளைக்காரனின் சாம்பல் நிற ஃபெர்குசன் டிராக்டரை உழவு ஓட்டியது. மாப்பிள்ளை ரோவர், சட்டை ரோவர், உள்ளே டிராக்டருக்குப் பங்காளி. 1988இல் கார் நின்றுபோனது. அன்றைக்குப் பெருங்களத்தூர் கேட்டில் ஒரு பஜ்ஜிக்காரர் நின்றிருந்தால் நிஜமாகவே உபயோகமாக இருந்திருப்பார். தேவைப்படுகிற இடத்தில் இவர்கள் நிற்பதே இல்லை.

செய்யத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. 2018இல் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடாவோடு கூட்டுச் சேர்ந்து, டிகோர் என்ற சாதுவான குடும்பக் காரில் நெக்ஸானின் டர்போ இஞ்சினை வைத்தது. 85 குதிரை 114 ஆனது. அதோடு ஸ்பிரிங்கை மாற்றினார்கள், டயரை அகலமாக்கினார்கள். இந்த 'அதோடு' இருக்கிறதே, அதை எந்த டீக்கடையிலும் நான் கேட்டதில்லை. இங்கிலாந்தில் லோட்டஸ் கம்பெனி 1990இல் வாக்ஸ்ஹால் கார்ல்டன் என்ற குடும்பக் காருக்குள் 377 குதிரையை ஏற்றியது. இப்படி ஒரு கார் ரோட்டில் ஓடலாமா என்று பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் சத்தம் போட்டார்கள். 1993இல் திருடர்கள் அதில் ஒன்றைக் கிளப்பிக்கொண்டு போய்க் கடை கடையாகக் கொள்ளையடித்தார்கள். துரத்திய போலீஸ் வண்டியால் பிடிக்கவே முடியவில்லை. நான் ரேஷன் கடைக்குப் போகிறவன். என்னை யாரும் துரத்துவதில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். சட்டம் என்றால் எங்கள் ஊரைச் சொல்லாமல் இருக்க முடியாது. திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையை நரசிங்க முனையரையர் பார்த்து ஆசைப்பட்டுத் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தார் என்பது பெரியபுராணம். கவனியுங்கள், ராஜா பிள்ளையைத்தான் பார்த்தார். தேரைக் கவிழ்த்து அச்சைப் பார்க்கவில்லை. "இதுல ரெண்டு காளையைப் பூட்டினா எப்படி இருக்கும் தெரியுமா" என்று கேட்கவில்லை. அதனால்தான் அவர் நாயன்மார் ஆனார். என் மச்சான் ஆகவில்லை.

பிள்ளை வளர்ந்தது. புத்தூரில் கல்யாணம். பந்தலில் சொந்தபந்தமெல்லாம் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் ஒரு கிழவர் உள்ளே வந்து தடுக்கிறார். இவன் எனக்கு அடிமை, இவன் தாத்தா எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். மாப்பிள்ளைக்குக் கோபம். ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டுவிட்டார். கிழவர் அசரவில்லை. கிழித்தது நகல், மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் பத்திரமாக இருக்கிறது என்று சபைக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே என்ன செய்தார்கள்? தாத்தாவின் வேறு கையெழுத்தைக் கொண்டுவரச் சொல்லி, இந்த ஓலையோடு பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்தார்கள். ஒத்துப்போயிற்று. தீர்ப்பு கிழவர் பக்கம்.

பிரேக் இன்ஸ்பெக்டர் செய்வதும் அதேதான். எஃப்.சி.க்குப் போனால் சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, ஆர்.சி. புக்கில் இருக்கிற நம்பரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்கிறார்கள். இஞ்சின் நம்பரும் அப்படியே. துருவைத் துடைத்து, டார்ச் அடித்து, அது மூன்றா எட்டா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறபோது வெண்ணெய்நல்லூர் சபை அப்படியே கண்முன்னால் வருகிறது. ஜெராக்ஸைக் கொடுத்தால் ஒரிஜினல் எங்கே என்பார்கள். அங்கேயும் அதே கேள்விதான். ஜெராக்ஸைக் கிழித்தாலும் ஒன்றும் ஆகாது என்பதும் அங்கேயே நிரூபணமான விஷயம். ரோட்டில் கைகாட்டி நிறுத்துகிறார்களே, அதுவும் தடுத்தாட்கொள்ளல்தான். கிழவர் குடையும் தண்டுமாக வந்தார், இவர்கள் சட்டைப்பையில் பேனாவோடு வருகிறார்கள். ஒரே வித்தியாசம், சபையோர் கேட்டதும் கிழவர் தன் வீட்டைக் காட்டப் போய்க் கோயிலுக்குள் மறைந்துவிட்டார். இவர்கள் மறைவதில்லை. சுந்தரருக்கு அதன் பிறகு பாட்டு வந்தது. நமக்கு வருவது வேறு.

இதை ஏன் இவ்வளவு நீட்டினேன் என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆர்.சி.யில் கம்பெனி சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளாவிலிருந்து போன வழக்கில் அதையே உறுதிப்படுத்தியது. அதே வருஷம் திருத்திய சட்டத்தில், அனுமதியில்லாமல் வண்டியை மாற்றிய சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம். சொந்தக்காரருக்கு. யோசனை சொன்னவருக்கு ஒரு ரூபாய் கிடையாது. இந்தச் சட்டத்தில் எனக்கு இருக்கிற ஒரே குறை அதுதான்.

"மலை ஏறணும்ல மாமா" என்கிறான் மச்சான். கல்வராயன் மலையைச் சொல்கிறான். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுகிற வளைவுகளில் என் வண்டி மூச்சு வாங்கும், நிஜம்தான். ஆனால் வெள்ளிமலைக்கு எத்தனை தடவை போகிறோம்? ஆடி மாதம் விருந்தாளி வந்து அருவி பார்க்கணும் என்றால்தான். மற்ற நாளெல்லாம் கள்ளக்குறிச்சி ரோடு. அந்த ரோட்டில் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர் இரண்டு டிரெய்லரோடு முன்னால் போகும். தோகை இரண்டு பக்கமும் தொங்கும், எதிரே வருவது தெரியாது. பின்னால் 37 குதிரை நின்றாலும் 377 நின்றாலும் டிராக்டர்காரர் வைத்ததுதான் வேகம். அதைத் தாண்டினால் ரோட்டில் பாதிக்கு உளுந்து காய்கிறது. உளுந்தைத் தாண்டினால் போர்டு இல்லாத, பெயின்ட் இல்லாத, தாண்டின பிறகே தெரிகிற ஸ்பீடு பிரேக்கர். மூன்றாவது கியருக்கே வேலை இல்லாத இடத்தில் ஐந்தாவது கியரைப் பற்றி என்ன பேச்சு?

நானும் யோக்கியன் இல்லை. ரோட்டோரம் பழைய கார் நின்றால் "உள்ள என்ன ஓடுது?" என்று கேட்காமல் என்னால் நகர முடியாது. மேட்டடார் இஞ்சின் என்று பதில் வந்துவிட்டால் அன்றைக்கு வீட்டுக்குப் போக நேரமாகும். ஆனால் மூடியிருக்கிற பானெட்டைத் திறக்க மாட்டேன். என் தரம் அது.

எரிச்சல் எங்கே என்றால், இந்த நாலு பேரில் ஒருத்தர்கூட பிரேக்கைப் பற்றிக் கேட்கவில்லை. என் வண்டிக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். இருக்கிற 55 குதிரையை நிறுத்தவே பெடலை இரண்டு முறை மிதிக்கிறேன். இழுவை, பிக்கப், டாப் ஸ்பீடு என்று அரை மணி நேரம் பேசினார்கள். நிற்குமா என்று கேட்டது வீட்டுக்காரி ஒருத்திதான். அவளுக்கு கிளட்ச் எது, பிரேக் எது என்றே தெரியாது. "லேத்ல குடுத்து ஒரு பிளேட் போட்டா கியர் பாக்ஸ் அப்படியே உக்காந்துடும் மாமா" என்கிறவன், ஹேண்ட் பிரேக் கேபிள் அறுந்து கிடக்கிறது, வாங்கிப் போடடா என்று பொங்கலிலிருந்து சொல்கிறேன், பஜாருக்குப் போகிறபோதெல்லாம் மறந்துவிடுகிறான். சரிவில் நிறுத்தினால் இன்னமும் செங்கல்தான்.

குடும்பத்துக்கு எத்தனை குதிரை என்ற கணக்கைச் சொல்கிறேன் என்றேன். தலைக்கு நாலு என்று ஆரம்பித்தேன். சீர்வரிசைக்குத் தனியாக எத்தனை, மாமியாருக்கு எத்தனை என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு வந்திருப்பதால் அது இப்போதைக்கு நிற்கட்டும்.

பெரிய இஞ்சின் போட்டே தீருவேன் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பிறகு பிரேக், பிறகு டயர், பிறகு ஸ்பிரிங், கடைசியில் இஞ்சின். இந்த வரிசையில் போனால் பிரேக்கோடு கையில் இருக்கிற காசு தீர்ந்துவிடும். வண்டியும் நன்றாக இருக்கும்.