தங்கள் தராசுக்கு முத்திரை உண்டா?

அனுப்புநர்:
ஒரு மளிகைக் கடைக்காரன்,
குட்வில் எஸ்டேட்,
அந்தமான் நிக்கோபார் தீவுகள்.

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
தேசியத் தேர்வு முகமை,
புதுதில்லி.

பொருள்: ஏழு தசம தானம் காட்டும் தராசு – விவரம் அறியக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் கடையில் ஒரு எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. முப்பது கிலோ வரை தாங்கும். ஐந்து கிராமுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. இருந்தும் அதை நம்பித்தான் இந்தத் தெருவே துவரம்பருப்பு வாங்குகிறது. அதற்குக் காரணம் என் முகராசி இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை அதை அரசாங்கப் படிக்கற்களை வைத்துச் சரிபார்க்கச் செய்து முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். முத்திரை காலாவதியான தராசில் ஒரு பொட்டலம் மடித்தாலும் அபராதம் உண்டு. 2009இல் போட்ட எடை அளவுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. சட்டம் மறந்தாலும் வாடிக்கைக்காரப் பெண்கள் மறக்க மாட்டார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நாம் இருவரும் ஒரே தொழில்காரர்கள். நான் பருப்பை நிறுக்கிறேன், தாங்கள் பிள்ளைகளை நிறுக்கிறீர்கள்.

என் மகளின் ஜேஇஇ மெயின் முடிவு வந்த அன்று அவள் கடைக்குள் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். கால் கிலோ பருப்புக்கு ஒரு அக்கா நின்றிருந்தார். மகள் போனைப் பார்த்து உரக்க வாசித்தாள்: "எண்பத்தாறு புள்ளி நாலு ஒண்ணு மூணு பூஜ்யம் ரெண்டு அஞ்சு ஒம்போது."

"யாரோட நம்பர்டி அது?" என்று கேட்டார் அக்கா.

எனக்குப் புல்லரித்துப்போய்விட்டது ஐயா. தங்கம் நிறுக்கும் ஆசாரிகூட மூன்றாம் தானத்தோடு நிறுத்திக்கொள்வார். தில்லியில் ஒரு தராசு, கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் என் பெண்ணை ஏழு தானம் வரைக்கும் நிறுத்துச் சொல்கிறதே!

"நூத்துக்கு எண்பத்தாறு மார்க்காம்மா?" என்றேன்.

"மார்க் இல்லப்பா, பெர்சன்டைல்."

அவள் பொறுமையாக விளக்கினாள். அவள் எழுதிய ஷிஃப்டில் உட்கார்ந்த நூறு பேரில் எண்பத்தாறு சொச்சம் பேர் இவளுக்குச் சமமாகவோ கீழாகவோ வாங்கியிருக்கிறார்கள். அடுத்த ஷிஃப்டுக்கு வேறு கேள்வித்தாள், வேறு கூட்டம். ஒவ்வொரு ஷிஃப்டிலும் முதலில் வந்தவருக்கு நூறு. எல்லாவற்றையும் பிறகு ஒரே வரிசையில் நிறுத்தி ரேங்க்.

எனக்கு இது புரிய ஒரு நாள் ஆயிற்று. பருப்பு கேட்டு வந்தவரிடம், "இன்று காலை என் கடைக்கு வந்த பருப்புகளில் நூற்றுக்கு எண்பத்தாறைவிட இது கனம், வைத்துக்கொள்ளுங்கள்" என்று பொட்டலத்தை நீட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். கடையை மறுநாளே சாத்த வேண்டியதுதான். தாங்கள் நடத்துகிறீர்கள். தைரியம் வேண்டும்.

ராத்திரி கல்லாவை மூடிவிட்டு ஒரு கணக்கும் போட்டேன். ஒரு ஷிஃப்டில் லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆள் கூடினால் பெர்சன்டைல் நகர்வது 0.001. ஆக, மூன்றாம் தானத்தோடு ஒரு முழு மாணவன் தீர்ந்துபோகிறான். நாலாம் தானத்திலிருந்து ஏழாம் தானம் வரை தாங்கள் நிறுப்பது அவனுடைய நகமா, தலைமுடியா? ஒரே இடத்தில் பலர் முட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் ஏழு தானம் என்று தங்கள் அறிவிப்பில் இருக்கிறதாம். நியாயம்தான். ஆனால் தானத்தைக் கூட்டினால் துல்லியம் கூடிவிடாது என்பது தராசு பிடிக்கிறவர்களுக்குத் தெரியும். விரல் நடுங்கினால் முள் நடுங்கும்.

நடுங்கியதையும் பார்த்தோம். நாடே ஓட்டு எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்த 2024 ஜூன் 4 அன்று நீட் முடிவை வெளியிட்டீர்கள். எங்கள் தெருவிலும் ஒரு தம்பி எழுதியிருந்தான், அதனால் எல்லோரும் பார்த்தோம். 720க்கு 720 வாங்கியவர்கள் 67 பேர். அதுகூடப் போகட்டும், பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். எனக்கு உறுத்தியது 719. எழுத வேண்டியது 180 கேள்வி. சரிக்கு நாலு, தப்புக்கு ஒன்று கழிவு. ஒன்றை விட்டால் 716, ஒன்று தப்பினால் 715. நடுவில் 718ம் 719ம் எந்தப் பாதையில் வந்து ஏறின? மளிகைக்காரன் மூளைக்கே எட்டும் கூட்டல் இது. சில மையங்களில் நேரம் வீணானதற்கு ஈடாக 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் கொடுத்தோம் என்று பிறகு சொன்னீர்கள். வழக்கு வந்ததும் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வேண்டியவர்கள் மறுபடி எழுதலாம் என்றீர்கள். ஜூன் 23 அன்று எழுத வந்தவர்கள் 813 பேர்.

அடுத்தது அதே தேர்வில் வந்த ஒரு இயற்பியல் கேள்வி. பழைய என்சிஇஆர்டி புத்தகப்படி ஒரு விடை, புதுப் புத்தகப்படி இன்னொரு விடை. இரண்டுக்கும் மார்க் போட்டுவிட்டீர்கள். உச்ச நீதிமன்றம் தில்லி ஐஐடியில் மூன்று பேரைக் கேட்டது. விடை ஒன்றுதான் என்றார்கள். நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு மார்க் இறங்கியது. 2011 கணக்கெடுப்பில் எங்கள் தீவுகள் அத்தனைக்கும் சேர்த்தே 3,80,581 பேர்தான் ஐயா. ஒரு கேள்வியில் எங்கள் மொத்த ஜனத்தொகையைவிட அதிகமான பேருக்கு எடை மாறியது. 67 பேராக இருந்த முழு மார்க்குக்காரர்கள் ஜூலை 26 அன்று 17 பேர் ஆனார்கள். தேர்வு முழுவதையும் ரத்து செய்யும் அளவுக்குக் கோளாறு பரவவில்லை என்று நீதிமன்றம் சொன்னதையும் இங்கே எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நான் எடை குறைத்தவன் ஆவேன்.

சரி, பழைய கதை. என் மகள் கதைக்கு வருகிறேன். எண்பத்தாறு புள்ளி ஏழு தானத்துக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும் என்பதுதான் வீட்டில் கேள்வி. அதைத் தங்கள் தராசு சொல்லாது. அதைச் சொல்வதற்கென்றே மெயின்லேண்டில் ஒரு கூட்டம் பிழைக்கிறது. 'சான்ஸ்' சொல்கிறவர்கள். கிளி ஜோசியர் ஒரு நெல்மணியோடு முடித்துக்கொள்வார். இவர்களுக்கு முன்பணம் உண்டு. பெயர் சொல்ல விரும்பாத ஓர் இணையதளத்தில் காலையில் போட்டுப் பார்த்தபோது என் மகளுக்கு ஒரு கல்லூரியில் 72 சதவிகித வாய்ப்பு. சாயந்தரம் அதே எண்களைப் போட்டால் 38. நடுவில் அவள் கீரை ஆய்ந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

இன்னொரு இடத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். நல்ல மரியாதையான பையன்.

"குட்வில் எஸ்டேட்டுங்களா சார்? வால்பாறைப் பக்கமா, கூடலூர்ப் பக்கமா?"

"அந்தமான் தம்பி."

"ஓ, டூர் போயிருக்கீங்களா? ஒண்ணும் அவசரம் இல்ல சார், திரும்பி வந்ததும் நேர்ல வாங்க. கோயம்பேட்டுல இறங்கினா நடக்கற தூரம்தான்."

இங்கே தேயிலை விளையாது என்றும், டீத்தூளே கப்பலில்தான் வருகிறது என்றும், கோயம்பேட்டில் இறங்க எனக்கு முதலில் மூன்று நாள் கடலில் ஏற வேண்டும் என்றும் அவருக்குச் சொல்லிப் புரியவைக்க அவருடைய பேலன்ஸ் போதவில்லை.

இவர்கள் வித்தை என்ன என்று மகள் கண்டுபிடித்துவிட்டாள். போன வருஷம் எந்தக் கல்லூரி எந்த ரேங்கோடு மூடியது என்று, சீட் ஒதுக்கும் ஜோசா வெளியிடுகிறது. இந்த வருஷப் பெர்சன்டைலை நூறிலிருந்து கழித்து, மீதியை ஆள் கணக்கால் பெருக்கி, நூறால் வகுத்து ஒரு ரேங்க் ஆக்கி, அந்தப் பட்டியலில் வைத்துப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான். போன வருஷ விலையை நம்பி இந்த வருஷ வெங்காயம் வாங்குவதுபோல. கப்பல் ஒரு வாரம் தள்ளினால் இங்கே வெங்காயம் என்ன விலைக்குப் போகும் என்று வந்து பார்த்தால் அந்தத் தம்பி தொழிலையே விட்டுவிடுவார். அதுவும் எங்களைப்போல ஜனம் குறைந்த இடத்துக் கோட்டாவில் நாலு பிள்ளைகள் மனம் மாறினாலே கடைசி ரேங்க் எங்கோ போய் நிற்கும்.

ஃபார்ம் நிரப்புவதில் மட்டும் எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. நாட்டில் எந்த மாநிலப் பட்டியலைத் திறந்தாலும் ஆங்கில அகர வரிசையில் முதல் பெயர் எங்களுடையது. ஆந்திரத்துக்கும் முன்னால். வேறெந்தப் பட்டியலிலும் எங்களுக்கு இந்த மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை. ஊர்ப் பெயர்தான் குழப்பம். மகளின் சான்றிதழ்களில் போர்ட் பிளேர், 2024 செப்டம்பர் முதல் அரசாங்கக் கணக்கில் ஸ்ரீ விஜய புரம்.

என்ஐடிகளில் பாதி இடம் சொந்த மாநிலத்துக்கு. எங்களுக்கு எது சொந்த மாநிலம் தெரியுமா ஐயா? புதுச்சேரி. அதுவும் காரைக்காலில் இருக்கும் என்ஐடி. தீவுக்காரர்களுக்கான ஐலேண்டர் கார்டைக் காட்டிச் சலுகைக் கப்பல் டிக்கெட் எடுத்து, பங்க் கிளாஸில் படுத்து, சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து ராத்திரி பஸ் பிடித்தால் சொந்த மாநிலம் வந்துவிடும். நடுவில் இருப்பது வங்காள விரிகுடா மட்டும்தான். சீட்டைப் பங்கு போடுவது ஜோசா, தாங்கள் அல்ல என்பது தெரியும். குறை சொல்லவும் இல்லை. அந்த ஒரு கதவாவது இருக்கிறதே. பக்கத்திலேயே திருநள்ளாறு வேறு. என் மனைவி இப்போதே சனிக்கிழமை எள் தீபம் ஏற்றத் தொடங்கிவிட்டாள், சனீஸ்வரன் எங்களுக்கு ஹோம் ஸ்டேட் தெய்வமாம். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் முயலலாமே என்றார் ஓர் உறவுக்காரர். அங்கே போனால் நேட்டிவிட்டி கேட்பார்கள். வீட்டில் தமிழ், கடைப் பலகையில் தமிழ், ஆனால் அங்கே நாங்கள் வெளி மாநிலம்.

ஆக, என் மகளுக்கு இருக்கும் வாய்ப்பு எதையெல்லாம் பொறுத்தது என்று எனக்கு இப்போது தெரியும். எந்த ஷிஃப்டில் உட்கார்ந்தாள், எந்தப் புத்தகப் பதிப்பைப் படித்தாள், யார் யார் மனம் மாறினார்கள், சேரச் சொன்ன தேதிக்கு முன்னால் கப்பல் உண்டா. விமானம் இருக்கிறதே என்பீர்கள். சீட் ஒதுக்கீடு வரும் வாரத்தில் டிக்கெட் விலையைத் தயவுசெய்து ஒருமுறை பாருங்கள். அதற்கு ஏழு தானம் இல்லை, இருக்கிற தானமே போதும்.

என் வேண்டுகோள் சின்னது. எண்பத்தாறு புள்ளி என்று போடும் தாளிலேயே, 'இது இவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம்' என்று ஒரு வரி அச்சடியுங்கள். என் தராசின் தகட்டில் அது இருக்கிறது, ஐந்து கிராம் என்று. அதைப் படித்துவிட்டு இதுவரை ஒருவரும் பருப்பு வாங்காமல் போனதில்லை.

என் தராசுக்கு முத்திரை அடுத்த மாதம் தீர்கிறது. சரிபார்க்கக் கொண்டுபோகும்போது தங்களுடையதையும் சேர்த்துக் காட்டிவிடுகிறேன். அனுப்பிவையுங்கள், பங்க் கிளாஸே போதும். கூலி நான் கொடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சக வியாபாரி,
குட்வில் எஸ்டேட்.