கொரியாக்காரர்

கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் தொடங்கி மாரிக்குப்பம் வரையிலுள்ள எந்தத் தொழிலாளர் லைனுக்குள் நுழைந்தாலும், கொரியா தேசத்தைக் கண்ணால் காணாமலேயே கொரியாக்காரர் என்ற பட்டத்தைச் சம்பாதித்துக்கொண்ட ஒரு பெரியவரையாவது தரிசிக்காமல் திரும்ப முடியாது. அவர், 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்படும் வரையில், ஒரு டன் பாறையில் எத்தனை கிராம் தங்கம் இருக்கிறதென்று பரீட்சை செய்து சொல்லும் உத்தியோகத்தில் இருந்தவராக இருப்பது உத்தமம். மகன் விடியற்கால ரயிலில் பெங்களூருக்குப் போய்விடுகிறான். மருமகளின் கைபேசியில் ஓடும் கொரியத் தொடரை முதலில் அலட்சியமாக எட்டிப் பார்த்தவர், சில காலத்திற்குள் அவளுக்கே குருவாகிவிட்டார்.

"இன்னா மாமா, இது எப்படி கீது?" என்று அவள் கேட்பாள்.

"மொத எபிசோடு டன்னுக்கு நாப்பது கிராம்மா. ஆனா பாரு, கீழே போகப் போக கிரேடு எறங்கும்."

ஆரம்ப காலத்துச் செழிப்பெல்லாம் போய், டன்னுக்குச் சுமார் 3 கிராம் என்ற நிலைக்குச் சுரங்கம் வந்து நின்றதைக் கண்ணெதிரே கண்டவராகையால், அவர் வார்த்தையை ஆக்ஷேபிக்க லைனில் ஒருவருக்கும் தைரியம் கிடையாது. தொடருக்கு வழக்கமாக 16 பாகங்கள். எட்டு வரையில் தங்கம். ஒன்பதிலிருந்து வெறும் கல் என்பது அவருடைய சித்தாந்தம். ஒன்பதாம் பாகம் பிறந்ததும், கதாநாயகனுக்கு ஞாபகம் போகும், அல்லது அவன் வெளிநாடு போவான், அதுவும் இல்லாவிட்டால் எங்கிருந்தோ ஒரு லாரி வந்து அவனை மோதும். வீதியைக் கடக்க அவன் காலெடுத்து வைத்த மாத்திரத்திலேயே, "லாரி வருது" என்று இவர் அறிவித்துவிடுவார். லாரியும் வந்துவிடும்.

இதற்கெல்லாம் காரணமும் அவருக்குத் தெரியும். முதல் சில பாகங்களை மட்டும் சாவகாசமாகப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, மீதியை ஒளிபரப்பு நடக்கும்போதே எடுப்பதும், ராத்திரி காட்டவேண்டிய காட்சிக்கு வசனம் அன்று காலையில்தான் காகிதம் காகிதமாக வந்து சேருவதும், ஜனங்களுக்குப் பிடித்துவிட்டால் இன்னும் இரண்டு பாகங்களை இழுத்துக் கட்டுவதும் அத்தேசத்தில் நெடுநாள் இருந்த வழக்கம். 2016-இல் 'டிஸெண்டன்ட்ஸ் ஆஃப் த சன்' தொடரை முழுவதும் எடுத்து முடித்த பிறகே ஒளிபரப்பினார்கள் என்று யாராவது சமாதானம் சொன்னால், "லிஃப்ட் புதுசு போட்டா கல்லு மாறிடுமா?" என்பார்.

2022-இல் வந்த 'ரீபார்ன் ரிச்' அவரைப் பரவசப்படுத்திய விதத்தைச் சொல்லாமல் விட முடியாது. பெரிய முதலாளி வீட்டுக்கு நாயாக உழைத்த ஒருவன், அந்த வீட்டாராலேயே கொல்லப்பட்டு, 1987-இல் அதே வீட்டின் கடைக்குட்டிப் பேரனாகக் கண் விழித்து, வருங்காலம் முழுவதும் தெரிந்தவனாகையால் பங்குகளும் கம்பெனிகளுமாக வாங்கிக் குவிக்கிறான். இதற்கு இவர் செய்த வியாக்கியானம், 1987-இல் தங்கவயலில் அப்படி ஒருவன் இருந்திருந்தால் முதல் காரியமாகப் பெங்களூரில் நாலு சைட் வாங்கிப் போட்டிருப்பான் என்பது. (எனக்கும் அதுவே அபிப்பிராயம்.) கடைசியில் பேரன் செத்துப்போக, பழைய வேலைக்காரன் எழுந்து உட்கார்ந்து, நடந்ததெல்லாம் ஒரு பிராயச்சித்தம் என்று சொன்னபோது, பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இதுக்கு மேல வெட்டினா கம்பெனிக்கு நஷ்டம்" என்று தீர்ப்பளித்தார். பன்னிரண்டாம் பாகத்திலேயே விட்டிருக்கலாமே என்றதற்கு, "கம்பெனியே மூடற வரைக்கும் எறங்கினவங்க நாங்க" என்று பதில் வந்தது.

இத்தனை விசாரமும் துக்கம் என்று எண்ணுகிறவர்களுக்கு அவருடைய சுபாவம் தெரியாது. தொடர் சரியத் தொடங்கிய பிறகுதான் அவர் முகத்தில் களை ஏறும். குழாயடியிலும் டீக்கடையிலும் பிரசங்கம் நடக்கும். இரண்டு வேளைக் காப்பி மூன்றாகும். 2021-இல் 'ஸ்க்விட் கேம்' ஒன்பது பாகங்களும் ஒரே கிரேடில் ஓடி முடிந்தபோதுதான் மனிதர் உண்மையாகவே வாடிப்போனார். குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படாமல், இரண்டு நாள் ரசத்தில் உப்பில்லை என்று மருமகளிடம் சண்டை போட்டார்.

அதற்கு இரண்டாவது சீசனும் எடுக்கப்போகிறார்கள் என்று அவள் ஒரு நாள் வந்து சொன்னாள். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து, ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார்.